சாயங்கால மாத்திரை

அக்டோபர் 8, புதன்

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். வாய் கோணல் சரியாகிவிட்டது. பேச்சும் தெளிவாக இருக்கிறது. ஆட்டோவை விட்டு இறங்கியதும் வாசலிலேயே நிற்க வைத்து உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழித்தேன். நான் உள்ளே போய் அதை அடுப்பில் போடுவதற்குள் பின்கட்டுக்காரி எலுமிச்சம்பழத்தோடு வந்து தன் பங்குக்கு ஒரு சுற்று சுற்றினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனுஷன், எண்பதை நெருங்குகிறவர், இரண்டு பேருக்கும் பொறுமையாக நின்று கொடுத்தார்.

பின்கட்டுக்காரி என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. உறையூரில் இருக்கும் இந்த வீட்டின் முன்பாதியில் நானும் என் வீட்டுக்காரர் ஞானவேலும். பின்பாதியில் அவர் அண்ணன் குமரவேலும் அவளும். நடுவில் ஒரு சுவரும் ஒரு நடையும். மாமியார் போன பிறகு மாமாவுக்குக் காலையும் மதியமும் என் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடும் படுக்கையும் பின்கட்டில். பங்குனி மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஊரே உட்கார்ந்திருக்க, "முன்கட்டுல சாப்பிட்டுத்தான் எங்க மாமனார் துரும்பா இளைச்சுட்டார்" என்று சொன்னாள். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. என் சாப்பாட்டைச் சொல்ல அவள் யார்?

கோபம் வந்தால் கத்தாமல் எழுதும்மா என்று கோவையில் படிக்கிற என் மகள் வாங்கித் தந்த டைரி இது. பாதி இப்போதே தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

மாமாவுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிறதாம். அதனால் ரத்தம் தேங்கி, துளியூண்டு கட்டி மூளைக்குப் போய்விட்டது. நல்ல காலம், உடனே கரைந்தது. கிளம்பும்போது டாக்டர் ஒரு மாத்திரையை மட்டும் தனியாக எடுத்துக் காட்டினார். "இதுதான் முக்கியம். ரத்தம் உறையாம இருக்க. கொறஞ்சா மறுபடி பக்கவாதம். கூடினா எங்கயாவது ரத்தம் கசிஞ்சா நிக்காது. சாயங்காலம் ஒண்ணு. அடுத்த வாரம் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்."

அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரி வாசலிலேயே பேசி முடித்துவிட்டார்கள். எங்கே சாப்பாடோ அங்கே மாத்திரை. சாயங்காலத்தைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆம்பளைகள் பேசி முடிப்பதெல்லாம் இந்த லட்சணம்தான். சாயங்காலக் காபி என் வீட்டில், ஆகவே அந்த மாத்திரை என்னுடையது. இதை அவளிடம் போய்க் கேட்டு வேறு உறுதி செய்ய வேண்டுமா என்ன?

அக்டோபர் 9, வியாழன்

ஆறு மணிக்குக் காபி, கூடவே அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. மறுபேச்சு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மாமாவைப் போல ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது. பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அங்கே சங்கத்துச் சண்டைக்கெல்லாம் மத்தியஸ்தம் செய்வாராம். எங்கள் இரண்டு பேர் விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டார். பின்கட்டில் நடந்ததை முன்கட்டில் சொல்ல மாட்டார், முன்கட்டில் நடந்ததைப் பின்கட்டில் சொல்ல மாட்டார். "நேத்து ராத்திரி என்ன டிபன் மாமா?" என்று சும்மா கேட்டாலும், "ஏதோ சாப்பிட்டேம்மா" என்பதோடு சரி.

காலையில் நான் நாலு இட்லி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு நடையில் உலாத்தப் போனார். திரும்பி வரும்போது வாயில் நெய்யும் மிளகும் மணக்கிறது. பொங்கல் கொடுத்திருக்கிறாள்! காலை வேளை என்னுடையது என்று தெரிந்தும் வேண்டுமென்றே செய்கிறாள். "பசிக்குதா மாமா, நான் வச்சது பத்தலையா?" என்றேன். "ஐயோ, வயிறு நெறஞ்சிருக்கும்மா" என்றார். இரண்டு வீட்டிலும் இதையேதான் சொல்வார். பாவம், நீட்டுவதையெல்லாம் வாங்கிக்கொள்கிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ராத்திரி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் கூட இங்கே கேட்கும். "மாமா, மாத்திரை! மறந்துட்டுப் படுத்துடாதீங்க. தண்ணி வெதுவெதுன்னு வச்சிருக்கேன்" என்று தேன் ஒழுகுகிற குரல். கொழுப்புக்கு ராத்திரி ஒரு மாத்திரை இருக்கிறது, அதைத்தான் கொடுக்கிறாள். அந்த ஒரு மாத்திரைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். உயிரைக் காப்பாற்றுகிற மாத்திரையை நான் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று ரத்த டெஸ்ட். என் வீட்டுக்காரருக்கு ஆடிட் நேரமாம், நகர முடியாதாம். "அண்ணன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அண்ணனுக்குப் பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை உத்தியோகம். தீபாவளிக் கூட்டம்.

மாமா மத்தியானம் வரைக்கும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் பார்த்தால் சட்டை கொடியில் தொங்கியது. மாமாவிடம் கேட்டால், "பாத்துக்கலாம்மா" என்கிறார். போனாரா, போகவில்லையா? பின்கட்டுக்குப் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். நான் ஏன் கேட்க வேண்டும்? போயிருப்பார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

மாமாவின் முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றல். நீலம் பாரித்திருக்கிறது.

"எங்க இடிச்சுக்கிட்டீங்க மாமா?"

"இடிக்கலையே. எப்ப வந்துச்சுன்னே தெரியல."

இடிக்காமல் எப்படி வரும்? பின்கட்டுக் குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும். அதில் மோதியிருப்பார். ஒரு கதவைச் சரிசெய்யத் துப்பில்லை, என் சாப்பாட்டைக் குறை சொல்ல வந்துவிட்டாள். ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

பல் தேய்த்துத் துப்பும்போது தண்ணீர் சிவப்பாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன், ஈறிலிருந்து கசிகிறது. முள்ளாய்க் குத்துகிற பழைய பிரஷ். ஓடிப்போய் மெத்தென்ற பிரஷ் ஒன்று வாங்கி வந்தேன்.

கூடினால் நிற்காது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் நான் எங்கே கூட்டினேன்? சாயங்காலம் ஒன்று, ஒரு நாளும் தவறாமல், ஒரே ஒன்றுதான். அட்டையை எடுத்துச் சரிபார்த்தேன். என் மேல் தப்பில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடியற்காலை மாமாவுக்கு நான்தான் எண்ணெய் வைத்தேன். முதுகில் இரண்டு இடத்தில் கன்றல். தொடையில் ஒன்று. பழையது மஞ்சளாக, புதியது கறுப்பாக. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. பின்கட்டுல கீழ விழுந்தீங்களா?"

"இல்லம்மா."

"உங்கள யாராவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். என்ன கேட்க வந்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் வாய்க்கொழுப்புப் பிடித்தவள்தான், ஆனால் மாமாவைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியது கூட இல்லை.

என் வீட்டில் அதிரசம், அங்கே சோமாசு. மாமா இரண்டையும் தின்றார். தலை பாரமாக இருக்கிறது என்று சாயங்காலம் சீக்கிரமே சாய்ந்துவிட்டார். மாத்திரையை மட்டும் எழுப்பிக் கொடுத்தேன். அதைத் தவற விட முடியுமா?

அக்டோபர் 22, புதன்

இன்றைக்கு என் வீட்டுக்காரரை உட்கார வைத்துக் கேட்டேன். "அந்த ரத்த டெஸ்ட் என்னாச்சுங்க? ரிப்போர்ட்டு எங்க?"

"அண்ணன் எடுத்திருக்கும்."

"போன் பண்ணிக் கேளுங்க."

கேட்டார். அவர் அண்ணனோ, தம்பிக்குத்தான் வசதி, தம்பி ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தாராம். இரண்டு பேரும் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தேன். தீபாவளி விடுமுறை முடிந்து லேப் திறந்துவிட்டதாம். நாளைக் காலையில் முதல் வேலையாகப் போவதென்று முடிவாயிற்று.

அப்புறம் மனசு கேட்கவில்லை. கன்றலை அவளும் பார்த்தாளா, அங்கே மாமா என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கும். நடை வரைக்கும் போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பியிருந்தால் கேட்டிருப்பேன். திரும்பவில்லை. செருமிப் பார்த்தேன், அதற்கும் திரும்பவில்லை. வந்துவிட்டேன். விடிந்தால் டெஸ்ட், அதில் தெரிந்துவிடப் போகிறது.

அக்டோபர் 24, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இப்போதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மகள் வாங்கித் தந்த டைரியில் இல்லை, மருந்துக்கடைப் பையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

நேற்றுக் காலை லேபுக்குக் கிளம்ப வேண்டும். மாமா முகம் கழுவ நடையில் இருக்கிற குழாயடிக்குப் போனார். "கலா" என்று கூப்பிட்டார். குரலில் ஒன்றுமில்லை, துண்டு கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனேன். மூக்கிலிருந்து ரத்தம். சொட்டவில்லை, ஒழுகியது. வெள்ளை பனியன் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. மூக்கை அழுத்திப் பிடித்தேன், வாய் வழியாக வந்தது. உட்கார வைத்துத் தலையைக் குனிய வைத்தேன். என் கை, புடவை, குழாயடிக் கல் எல்லாம் ரத்தம். என் வீட்டுக்காரர் பெட்ரோல் போடப் போயிருந்தார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"தமயந்தியக்கா! அக்கா! ஓடி வாங்க!"

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. அவள் அடுப்பைக் கூட அணைக்காமல் ஓடி வந்தாள். வந்து எதிரே மண்டியிட்டு, தன் முந்தானையைச் சுருட்டி மாமாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஆட்டோவக் கூப்பிடு கலா, நான் புடிச்சுக்கறேன்" என்றாள். ஆட்டோவில் மாமாவை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் நாங்கள். தலை வலிக்கிறது என்று மாமா முனகினார். எனக்கு முன்னால் அவள் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சு அடைத்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் தலையை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். தலைக்குள் கசிந்திருந்தால் கஷ்டம் என்று நர்ஸ் சொன்னாள். ஸ்கேன் அறைக் கதவு திறக்கும் வரை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் விடவில்லை. முருகா, தலைக்குள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

தலையில் ஒன்றும் இல்லை. ஆனால் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். இளைஞர்தான், முகம் கடுகடுவென்றிருந்தது.

"ரத்தம் உறையறதப் பாக்கற டெஸ்ட்டுல ரெண்டு, மூணுக்குள்ள இருக்க வேண்டிய அளவு ஒம்பதுக்கு மேல போயிருக்கு. என்ன மாத்திரை குடுக்கறீங்க? அட்டையெல்லாம் எடுத்து வைங்க."

நான் என் பையிலிருந்து எடுத்தேன். விஷயம் தெரிந்து வந்திருந்த குமரவேல் அத்தான், வீட்டுக்கு ஓடி அவர்கள் டப்பாவைக் கொண்டு வந்தார். மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினார்கள். டாக்டர் என் வெள்ளை மாத்திரை அட்டையைத் திருப்பினார். அப்புறம் அவர்கள் டப்பாவிலிருந்து ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை அட்டையைத் திருப்பினார்.

"இந்த வெள்ளைய யார் குடுக்கறது?"

"நான்தான் டாக்டர், சாயங்காலம் காபியோட" என்றேன்.

"இத?"

"நான். ராத்திரி சாப்பிட்டப்புறம்" என்றாள் அக்கா.

"ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற."

குமரவேல் அத்தான்தான் மெதுவாகச் சொன்னார். டிஸ்சார்ஜ் அன்றைக்குத் தம்பி ஆஸ்பத்திரிக் கடையில் மருந்து வாங்கியதைப் பார்த்ததும், அப்பாவுக்குத் தம்பி மட்டும் செய்ததாக ஆகிவிடக் கூடாது என்று அவரும் சீட்டைப் போனில் படமெடுத்து வெளியே வாங்கியிருக்கிறார். சாயங்காலத்துக்கு மேல் எல்லாம் தங்கள் பொறுப்பு என்று அக்கா நினைத்திருக்கிறாள். சாயங்காலம் காபி வரைக்கும் எல்லாம் என் பொறுப்பு என்று நான்.

"ஒரே வீடுதான? ஒருத்தரையொருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? பந்தியில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் டாக்டர் என்றா?

அக்டோபர் 25, சனி

ஊசி போட்டு, பிளாஸ்மா ஏற்றி, அளவு இறங்கியிருக்கிறது. மூக்குப் பஞ்சை எடுத்தார்கள், ரத்தம் இல்லை. மாமா இடியாப்பம் கேட்டார். நானும் அக்காவும் ஒரே சமயத்தில் எழுந்தோம். அப்புறம் அவளே உட்கார்ந்துகொண்டு, "நீ போய் வாங்கிட்டு வா" என்றாள்.

ஊட்டிவிடும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"ஏன் மாமா, காபியோட நான் ஒண்ணு குடுத்தேன்னு ராத்திரி அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? கலரு வேறன்னு நெனச்சுட்டீங்களா?"

மாமா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"சந்தேகமாத்தாம்மா இருந்துச்சு" என்றார். "ரத்தம் கட்டாம இருக்கன்னு நீயும் சொன்ன, அவளும் அதேதான் சொன்னா."

"தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?" அக்கா எழுந்தே விட்டாள்.

"கைல கால்ல கன்னிப்போனப்ப பயமாத்தான் இருந்துச்சு. ஒரு வீட்டுல வேணாம்னு சொல்லிரலாம்னு தெனம் நெனப்பேன்." எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த வீட்டுல சொல்றது?"

அதற்கு மேல் எனக்கு ஊட்ட முடியவில்லை. கிண்ணத்தை அக்கா வாங்கிக்கொண்டாள். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். எங்கள் சண்டைக்குப் பயந்துகொண்டு ஒரு மனுஷன் தினமும் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் மனசு நோகக் கூடாதென்று.

அக்டோபர் 29, புதன்

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தோம். யாரும் திருஷ்டி சுற்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. இன்று ரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வந்தாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து இன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கொடுக்கிற ஆள் ஒருவர்தான் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

யார் அந்த ஒருவர் என்பதில் மத்தியானம் ஒரு கூத்து.

"நீயே குடு கலா. ஆஸ்பத்திரில சீட்டு உங்கிட்டதான குடுத்தாங்க."

"இல்லக்கா, மூத்தவங்க நீங்க குடுங்க."

"அதென்ன, எனக்குப் பொறுப்பில்லாத மாதிரி..."

"நான் அப்படிச் சொன்னேனா?"

குரல் ஏறுவது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினாள். கட்டிலில் மாமா கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி கிடந்தார். தூங்கவில்லை. கண்ணிமை துடித்தது.

"நான் குடுக்கறேன்" என்றேன். "அந்த இன்னொரு அட்டைய எடுத்துக்கிட்டு வாங்கக்கா."

கொண்டு வந்தாள். இளஞ்சிவப்பு மாத்திரைகளை மாமா கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கரைத்தோம். அவளை இப்போதும் எனக்கு முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கரைக்கும்போது கூட, தண்ணீர் பத்தாது என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

ஆறு மணிக்கு அரை மாத்திரையைக் கொண்டு போனேன். அக்கா தண்ணீரோடு வந்து நின்றாள். மாமா கையில் வாங்கிக்கொண்டு வாயில் போடாமல் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ராத்திரி வேற இல்லையே?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் மாமா எங்களை எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் சுருக்கென்றிருக்கும்.

"இல்ல மாமா" என்றோம் இரண்டு பேரும்.

அதற்குப் பிறகும் அக்கா முகத்தைத் தனியாக ஒரு தடவை பார்த்தார். அவள் மறுபடி தலையை ஆட்டினாள். அப்புறம்தான் விழுங்கினார்.